பழைய ஆட்டோகிராஃப் ஆல்பம்: வரிகளை மட்டும் படித்து ஏமாறாதீர்கள்

‘ரோஜா சிவப்பு, வயலெட் நீலம்’ என்று தொடங்கி, ‘என்றும் மறவேன்’ என்று முடியும் நான்கு வரிகள். கீழே ஒரு பெயர். பழைய ஆல்பத்தில் இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததும் பலர் இது காதல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். உருகி உருகி எழுதுவதுதான் அன்று தோழிகளுக்குள், வகுப்புத் தோழர்களுக்குள் இருந்த வழக்கம்.

எழுதியவரே பாட்டையும் கட்டினார் என்று நினைப்பது அடுத்த தவறு. ஆல்பம் விட்டு ஆல்பம் கைமாறிய வரிகள் இவை. அந்த ரோஜா வரியின் சாயல் 1784-இல் அச்சான சிறுவர் பாடல் தொகுப்பிலேயே உண்டு. அதற்காக ‘காப்பி அடித்தது’ என்று தள்ளிவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர்களிடம் ஆல்பத்தை நீட்டியபோதும் பைபிள் வாசகம், லத்தீன் பொன்மொழி என்று இரவல் வரிகள்தான் நிறைய வந்தன. எத்தனையோ வரிகள் இருக்க, ஆல்பத்தின் சொந்தக்காரிக்கு அவள் தோழி இந்த வரியை ஏன் எழுதினாள்? எனக்கு அங்கேதான் மனசு நிற்கும்.

அதனால் பாட்டை மட்டும் நகல் எடுத்து மற்றதை விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஓரங்களைப் பாருங்கள். டச்சு ஆல்பங்களில் ‘தேதி தலைகீழாக நிற்கிறது’ என்று ஒரு குறும்பு வரி வரும். தேதியும் நிஜமாகவே தலைகீழாக இருக்கும். சில பக்கங்களில் மூலையை மடித்து, உள்ளே ரகசியம் ஒளித்திருப்பார்கள். எழுத்துப்பிழையையும் திருத்தாதீர்கள், அந்தப் பிழையில்தான் எழுதிய குழந்தை தெரிகிறது.

பக்க வரிசையைக் கால வரிசை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவரவர் பிடித்த பக்கத்தில் எழுதினார்கள். கடைசிப் பக்கத்துக்கு எப்போதும் போட்டி. தேதியைப் பாருங்கள்.

சரி, பாதுகாப்பதற்கு வருவோம். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய மை நாளடைவில் பழுப்பாகி, தாளையே அரிக்கும். ஈரம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். மடித்த மூலையை ஒரே ஒருமுறை மெதுவாகத் திறந்து, ஃபிளாஷ் போடாமல் முழுப் பக்கத்தையும் படமெடுத்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மூடிவிடுங்கள்.