அகதிகள் நிதி: செய்தியைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒரு நாடு அகதிகளுக்கு இத்தனை கோடி டாலர் என்று அறிவித்ததும், பணம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறோம். மாநாட்டு மேடையில் சொல்வது வாக்குறுதி மட்டுமே. ஒப்புதல், ஒப்பந்தம், தவணை எல்லாம் அதற்குப் பிறகுதான். இடையில் ஆட்சி மாறினால் கதையே மாறும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தியபோது, பாதியில் இருந்த பணிகளும் நின்றுபோயின.

"ஐ.நா. பார்த்துக்கொள்ளும்" என்று நினைப்பதும் தவறு. ஐ.நா. அகதிகள் முகமைக்கு ஐ.நா.வின் பொது நிதியிலிருந்து வருவது ஏறக்குறைய 1 சதவீதம். மற்றதெல்லாம் அரசுகளும் தனியாரும் விரும்பிக் கொடுப்பது. பசித்தவர்களுக்கு உணவு தரும் ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டமோ முழுக்க நன்கொடையில் ஓடுகிறது. 'இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு மட்டும்' என்று நிபந்தனையோடு தந்த பணத்தை, வேறோர் இடத்தில் பசி என்பதற்காகத் திருப்பிவிட முடியாது.

உதவித் தொகை கூடியது என்ற செய்தியில் அந்தப் பணம் எங்கே செலவானது என்றும் பாருங்கள். 2022இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவி நிதியில் சுமார் 29 சதவீதத்தைத் தன் மண்ணுக்கு வந்த அகதிகளுக்கும் புகலிடம் கோரியவர்களுக்கும் செலவிட்டது. அவர்கள் வந்துசேர்ந்த முதல் 12 மாதச் செலவை இப்படி வெளிநாட்டு உதவிக் கணக்கில் சேர்க்கச் சர்வதேச விதி இடம் தருகிறது. அவர்களும் உதவி தேவைப்படுபவர்களே. ஆனால் ஏழை நாட்டு முகாம்களுக்குப் போவது அந்த அளவுக்குக் குறைகிறது.

எனக்கு மிகவும் வலிப்பது, "சில டாலர் வெட்டுதானே" என்ற பேச்சு. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதி ஒருவருக்கு மாத உணவுக்கு உலக உணவுத் திட்டத்திடமிருந்து 12 டாலர் கிடைத்துவந்தது. 2023 மார்ச்சில், ரமலான் நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன், அது 10 ஆனது, ஜூனில் 8. ஒரு நாளைக்கு 27 சென்ட். சட்டப்படி வேலைக்குப் போக அவர்களுக்கு அனுமதியில்லை. ஆகவே முகாம் கடையில் உணவு வாங்கத் தரும் அட்டையில் உள்ள தொகைதான் சோறு. முகாம் கடையில் ஒரு தாய் அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் எடுத்து வைத்ததுமே அட்டை காலியாகிவிடும். முட்டையைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

2024இல் தொகை படிப்படியாக உயர்ந்து, ஆகஸ்டில் 12.50 டாலரை எட்டியது. அதைக் கண்டு "சரியாகிவிட்டது" என்று கணக்கை மூடிவிடக் கூடாது. இரண்டு வயதுக்குள் ஊட்டம் இழந்த குழந்தைக்கு, பின்னால் சேர்த்துக் கொடுக்கும் உணவு அந்த வளர்ச்சியை முழுதாக மீட்டுத் தராது.

2025 மார்ச் தொடக்கத்தில், ஏப்ரல் முதல் 6 டாலர்தான் என்று உலக உணவுத் திட்டம் அறிவித்தது. அதுவும் நோன்பு மாதம். நிதி கிடைத்ததால், 6 அல்ல, 12 டாலர் தரப்படும் என்று அந்த மாத இறுதியில் சொன்னது. நாளிதழில் அது இரண்டு சிறு செய்திகள். முகாமில், அவ்விரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வாரம் ஒவ்வொரு வீட்டிலும் அரிசியை அளந்து பார்த்திருப்பார்கள்.