அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளை: தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோரின் முதலாண்டு நினைவு நாள் நெருங்கும்போது பல குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுகிறது. ஒரு நாள் அன்னதானத்தோடு முடிந்துவிடாமல், அவர்கள் பெயரில் நிலையாக ஏதாவது செய்ய வேண்டும். பத்து லட்சம் ரூபாயை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டியை ஊர்ப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஆண்டுதோறும் கொடுத்தால் காலத்துக்கும் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் பெயர்ப்பலகை இருக்கிறது, உதவியைத்தான் காணோம். யாரும் பணத்தைக் களவாடவில்லை. ரசீதுகூடப் பத்திரமாக இருக்கிறது. தொடங்கியபோது செய்த சில தவறுகள்தான் அந்தக் கொடையை உள்ளிருந்தே அரித்திருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ள யாரை அமர்த்துகிறோம், அவர்களுக்கு என்ன உரிமை தருகிறோம் என்று முதல் நாளே யோசித்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நேர்ந்திருக்காது.

தனக்கென ஒன்றைப் பதிவு செய்வது

பத்திரம் எழுதி அறக்கட்டளையைப் பதிவு செய்வது ஒரு நாள் வேலை. அதன்பிறகு பான் எண், வருமான வரித் துறையில் பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி, ஆண்டுதோறும் தணிக்கை, வரிக்கணக்குத் தாக்கல், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவுப் புதுப்பிப்பு என்று வேலைகள் வரிசையாக வரும். சிறிய நிதி என்றால் வட்டியில் கணிசமான பகுதி ஆடிட்டர் கட்டணத்துக்கே போய்விடும். தொடங்கியவர் இருக்கும்வரை பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் பெங்களூரிலும் டாலஸிலும் குடியேறிய பிறகு, புதுப்பிக்க வேண்டிய தேதி யாருக்கும் தெரியாமலே கடந்துபோகும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914இல் பிரெடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் இதற்கு ஒரு வழி கண்டார். தனித்தனி உயில்களிலும் அறக்கட்டளைகளிலும் சிதறிக் கிடந்த கொடைகளை ஒரே அமைப்பின் கீழ் சேர்ப்பது. முதலீட்டை வங்கிகள் கவனிப்பது. ஆண்டு வருமானம் எந்த உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பதை நகரத்தைத் தெரிந்த குடிமக்கள் குழு முடிவுசெய்வது. இதுதான் சமுதாய அறக்கட்டளை. கொடுத்தவரின் பெயரில் தனி நிதியாகவே அது நிற்கும். தணிக்கையும் நிர்வாகமும் எல்லோருக்கும் பொது.

கனடாவின் வின்னிப்பெக்கில் 1921இல் வில்லியம் அல்லோவே என்ற வங்கியாளர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து இதே போன்ற அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதற்கு அடுத்து 1924இல் வந்த கொடை ஓர் உறைக்குள் மூன்று ஐந்து டாலர் தங்க நாணயங்கள். அனுப்பியவர் பெயர் இல்லை, ‘விதவையின் காணிக்கை’ என்ற குறிப்பு மட்டும் இருந்தது. பதினைந்து டாலரில் யாராலும் தனி அறக்கட்டளை நடத்த முடியாது. பொதுநிதியில் சேர்ந்ததால் அந்தத் தொகையும் லட்சம் டாலரோடு சேர்ந்தே வேலை செய்தது.

இந்தியாவில் சமுதாய அறக்கட்டளைகள் அதிகம் இல்லை. மும்பையில் 1991இல் தொடங்கிய பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட் இந்த வகையில் முன்னோடி. அருகில் இப்படி ஒன்று இல்லாவிட்டாலும், கணக்கு வழக்கைச் சுத்தமாக வைத்திருக்கும் பழைய அறக்கட்டளை ஒன்றிலோ, அப்பா படித்த கல்லூரியிலோ, ஊர் மருத்துவமனையிலோ அவர் பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்துங்கள். புதிதாகப் பதிவு செய்வதைவிட அது நெடுநாள் நிற்கும்.

நோக்கத்தை ஊசிமுனை அளவுக்குக் குறுக்குவது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர முன்னாள் மேயர் பிரையன் மல்லன்ஃபி 1851இல் இறந்தபோது, தம் சொத்தில் மூன்றிலொரு பங்கை, மேற்கே குடியேறுவதற்காக அந்நகர் வழியே செல்லும் ஏழைப் பயணிகளுக்கு உதவ எழுதிவைத்தார். அவர் காலத்தில் அது மிக அவசியமான அறம். மாட்டு வண்டியில் மேற்கே போகிறவர்கள் இல்லாமல் போனார்கள்; பணம் மட்டும் இருந்தது. இறந்தவரின் கை உயிரோடு இருப்பவர்களை இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று காஃப் வாதாடியது இத்தகைய உயில்களைப் பார்த்துத்தான். அதனால் சமுதாய அறக்கட்டளையின் விதிகளிலேயே, நோக்கம் காலாவதியானால் அதற்கு நெருங்கிய வேறொன்றுக்கு மாற்றும் உரிமை குழுவுக்குத் தரப்பட்டது.

நம் ஊரிலும் இதற்குக் குறைவில்லை. தட்டச்சுத் தேர்வில் முதலிடம் பெறும் மாணவிக்கு என்று எழுதிவைத்த பரிசு இன்று யாருக்குப் போகும்? இன்ன ஊரில் பிறந்து, இன்ன பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இன்ன பாடத்தில் சேர்ந்தவருக்கு மட்டும் என்று நான்கு நிபந்தனைகள் போட்டால், பல ஆண்டுகள் தகுதியானவரே கிடைக்காமல் தொகை முடங்கும். பத்திரத்தில் மாற்றும் உரிமை எழுதப்படாவிட்டால், பொது அறக்கட்டளையின் நோக்கத்தை மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். ஒரு சிறு உதவித்தொகைக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

எல்லையை இறுக்கினால் எதிர்த்திசையிலும் வம்பு வரும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு பெரிய வழக்கு உண்டு. 1975இல் மறைந்த பெரில் பக் என்ற பெண்மணி தம் சொத்தை மாரின் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) ஏழைகளுக்கும் பிற அறப்பணிகளுக்கும் செலவிடும்படி சான்பிரான்சிஸ்கோ அறக்கட்டளை என்ற சமுதாய அறக்கட்டளையிடம் விட்டுச் சென்றார். அதில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பங்குகள் இருந்தன. 1979இல் ஷெல் அந்த நிறுவனத்தை வாங்கியதும் சொத்தின் மதிப்பு 25 கோடி டாலரைத் தாண்டியது. மாரினோ அமெரிக்காவிலேயே வசதியான கவுண்டிகளில் ஒன்று. பக்கத்துக் கவுண்டிகளின் ஏழைகளுக்கும் கொடுக்க அனுமதி கேட்டு 1984இல் அறக்கட்டளை நீதிமன்றம் போனது. வேறிடத்தில் அதிகப் பயன் தரும் என்பதற்காகக் கொடையாளியின் சொல்லை மீற முடியாது என்று முடிவாகி, 1986இல் அறக்கட்டளை பொறுப்பிலிருந்து விலகியது. மாரினுக்கென்றே தனியாக ஒரு சமுதாய அறக்கட்டளை பிறந்தது.

அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். கொடுத்தவர் சொல்லுக்கு மதிப்பில்லை என்றால் நாளை யார் கொடுப்பார்கள்? ஆனால் அந்த அம்மையார் தம் உயிலில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த வழக்குக்கே தேவை இருந்திருக்காது.

வட்டி முழுவதும் செலவிடலாம் என்ற கணக்கு

இந்தத் தவறு மிகப் பரவலானது, இதற்கு விளக்கமும் சற்று நீளமாகத் தேவை. பத்து லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். விலைவாசி ஐந்து சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூலநிதியின், அதாவது அந்தப் பத்து லட்சத்தின், வாங்கும் சக்தி குறையாமல் இருக்க, வட்டியில் 50,000 ரூபாயைத் திரும்ப மூலநிதியிலேயே சேர்க்க வேண்டும். உண்மையில் கொடுக்கக் கூடியது 20,000 ரூபாய்தான். இதைச் செய்யாமல் எழுபதாயிரத்தையும் கொடுத்துக்கொண்டே வந்தால், பதினான்கு பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பத்து லட்சத்தின் மதிப்பு பாதியாகிவிடும். பல பல்கலைக்கழகங்களில் ஒருகாலத்தில் பத்தாயிரம் ரூபாயில் தொடங்கிய அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் இப்படித்தான் ஆயின. இன்று அந்த வட்டியில் பேச்சாளரின் பயணச் செலவைக்கூடக் கொடுக்க முடியாது.

சரி, ஐம்பதாயிரத்தை மூலநிதியில் சேர்த்துவிடலாமா? அங்கேதான் வரிச் சட்டம் குறுக்கே வருகிறது. வரிவிலக்கு முழுமையாகக் கிடைக்க, பதிவுபெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டாக வேண்டும். எழுபதாயிரத்தில் கேள்வி கேட்பாரின்றி நிறுத்திக்கொள்ளக் கூடியது 10,500 ரூபாய் மட்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கு ஐந்தாண்டு வரை சேர்த்துவைக்க முன்கூட்டித் தெரிவிக்கும் வழி உண்டு என்றாலும், அதையும் கடைசியில் செலவிட்டே தீர வேண்டும். ஆகவே வைப்புத்தொகையை மட்டும் நம்பிய நிதி கரைவது உறுதி. சட்டம் அனுமதித்த முதலீடுகளுக்குள் பரஸ்பர நிதியும் அடங்கும். மதிப்பு உள்ளேயே வளரும் முதலீட்டில் ஒரு பகுதியை வைக்கலாமா என்று நல்ல ஆடிட்டரிடம் கேளுங்கள். அதைவிட எளிய வழி, ஆண்டுதோறும் நினைவு நாளில் குடும்பத்தார் ஒரு சிறு தொகையை மூலநிதியில் சேர்ப்பது. அமெரிக்க, கனடியச் சமுதாய அறக்கட்டளைகள் பலவும் சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில் நான்கு, ஐந்து சதவீதத்தை மட்டுமே கொடுத்துவிட்டு மீதியை வளர விடுகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பணம் மூலநிதிக்கு உரியது என்று எழுத்தில் கடிதம் கொடுக்காமல் காசோலை மட்டும் கொடுத்தால், அது அந்த ஆண்டின் சாதாரண நன்கொடையாகக் கணக்கில் ஏறும். அப்போது அதில் பெரும்பகுதியைச் செலவிடும் கட்டாயம் நிறுவனத்துக்கு வந்துவிடும். காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று நீங்கள் கொடுத்தது ஒரே ஆண்டில் தீர்ந்துபோகும்.

பார்த்துக்கொள்பவருக்குக் கூலி கொடுக்க மறுப்பது

‘என் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் சம்பளத்துக்குப் போகக் கூடாது’ என்ற நிபந்தனையைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. எந்தெந்த நாளுக்கு யார் உணவு தருகிறார்கள் என்று அதில் குறித்திருப்பார்கள். ஜனவரி முதல் தேதிக்கும் ஆகஸ்ட் 15க்கும் ஒரே கட்டத்தில் மூன்று நான்கு பெயர்கள். இனிப்பு மிஞ்சிப்போகும். அதே வாரம் இரவு நேர உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க நிர்வாகி நகையை அடகு வைக்க ஓடுவார். படுக்கையில் இருக்கும் மூதாட்டியை இரவில் புரட்டிப் படுக்க வைக்கும் கை இல்லாவிட்டால் அந்தப் பாயசத்தால் என்ன பயன்?

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்தில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் சொல்லும். கிழடாகிச் சாகும் ஆடுகளுக்குக் குட்டிகள் ஈடு. மந்தை பெருகினால் மேய்ப்பவர் குடும்பமும் அதனால் பிழைக்கும். மூலநிதி குறையாமல் நிற்பதும், வருமானம் அறத்துக்குப் போவதும், காப்பவர் பிழைப்பதும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கின. நீங்கள் ஏற்படுத்தும் நிதியிலும் நிர்வாகத்துக்கு ஒரு நியாயமான பங்கை ஒதுக்குங்கள். அதோடு, ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுக்காவது தொடர்ந்து தருவதாக உறுதி கொடுங்கள். அடுத்த ஆண்டு பணம் வருமா என்று தெரியாத நிறுவனத்தால் நல்ல செவிலியரை வேலைக்கு அமர்த்த முடியாது.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும்போது

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அவர் தம் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, சிங்கப்பூர், கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டால், மன்னார்குடியில் பிறந்தவராகவே இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெறும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு வேண்டும். பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். 2020இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது டெக்சாஸிலிருந்து சென்னை அறக்கட்டளை ஒன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து பத்து கிராமத்துச் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் இன்று சட்டப்படி செல்லாது. நண்பர் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி நன்கொடையாகக் கொடுக்கச் சொல்வதும் வேண்டாம். மாட்டிக்கொள்வது அந்தச் சிறு அமைப்புதான்.

வரிச்சலுகையை மட்டும் நம்பி முடிவெடுப்பதும் தவறு. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு இல்லை. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

கடிதத்தில் எழுத வேண்டியவை

பணம் கொடுக்கும் நாளில் கடிதத்தை வழக்கறிஞர் மொழியில் எழுத வேண்டியதில்லை. இது மூலநிதிக்கான நன்கொடை என்று ஒரு வரி. முதல் நோக்கம் என்ன, எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு மூன்று வரிகள். பின்னாளில் முடிவெடுப்பவர்களுக்கு நிபந்தனையைவிடக் காரணம்தான் கைகொடுக்கும். அந்தத் தேவை இல்லாமல் போனால் அதே ஊரில் அதற்கு நெருங்கிய நோக்கத்துக்குக் குழு மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதி. ஆண்டுக்கு எவ்வளவு செலவிடலாம், நிர்வாகத்துக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பு. குடும்பத்திலிருந்து யார் எதுவரை ஆலோசனை சொல்லலாம், அவருக்குப் பின் யார், ஒருவரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்பது. அந்த நிறுவனமே மூடப்பட்டால் நிதி எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்பதையும் பெயர் குறித்து எழுதுங்கள். பிள்ளைகளின் கையெழுத்தையும் வாங்கி, ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.