இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைப் பிடிக்கும் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டிப் பதிவேட்டையும் இன்ஷூரன்ஸ் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நான் அன்று செய்த தவறுகளையே இன்றும் செய்கிறார்கள். தேதியை மாற்றிப் படிப்பது மாதிரியானவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை இவை.

சான்றிதழை நம்புவது

இன்ஷூரன்ஸ் சான்றிதழ், அது அச்சான நாளில் பாலிசி இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். முதல் தவணை கட்டி, வண்டியைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் பாலிசியை விட்டுவிடுகிறவர்கள் எங்கும் உண்டு. சான்றிதழை மட்டும் நம்பாமல், ஜெர்மனியில் பாலிசி செல்லாமல் போனால் காப்பீட்டு நிறுவனமே பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும்.

பட்டியலில் இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் இல்லை என்று முடிவுகட்டுவது

இதை இன்றும் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதல் முறை இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்டபோது, பொருந்தாத எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பினேன். மறுவாரம் அலுவலக வாசலில் வரிசை நின்றது. ஒரு அம்மா மூன்று வருட ரசீதுகளை மேஜையில் அடுக்கிவிட்டு, “இதில் எது இல்லை என்கிறீர்கள் சார்?” என்று கேட்டார். வண்டிப் பதிவேட்டில் அவருடைய சேசிஸ் எண்ணில், அதாவது வண்டியிலேயே பொறித்திருக்கும் அடையாள எண்ணில், பூஜ்யம் இருந்தது. பாலிசியில் அதே இடத்தில் ‘ஓ’ எழுத்து. 17 இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே கூடாது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்றுதான் அவற்றை விலக்கி வைத்தார்கள். அந்த ஒரு விதியை முதலில் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த அம்மா அரை நாள் சம்பளத்தை இழந்து வந்திருக்க வேண்டாம்.

எழுத்துப் பிழை மட்டுமல்ல. நிறுவனம் பல வண்டிகளுக்குச் சேர்த்து எடுத்த பாலிசி, புதுப்பித்தும் இன்னும் பதிவேறாத பாலிசி, மாறிய பதிவெண் எல்லாமே ‘இல்லை’ என்றுதான் திரையில் வரும். உண்மையிலேயே இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவரோ பழைய முகவரியிலோ போலி நம்பர் பிளேட்டிலோ இருப்பார். அவருக்கு நோட்டீஸ் போய்ச் சேராது. ஒழுங்காகப் பணம் கட்டியவர்தான் அலைவார். அதனால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். அடுத்து வேறொரு எண்ணை வைத்துத் தேடுங்கள். வாகன உரிமையாளருக்குப் போகும் முதல் கடிதம் விசாரணையாக மட்டும் இருக்கட்டும், தண்டனை வேண்டாம்.

அபராதத்தை மட்டும் கூட்டுவது

பிடிபட வாய்ப்பில்லை என்று தெரிந்தவருக்குத் தொகை ஒரு பொருட்டே இல்லை.

சாலையில் மட்டும் தேடுவது

பிரிட்டனில் 2011 முதல் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் இன்ஷூரன்ஸ் வேண்டும். வேண்டாம் என்றால் வண்டி சாலைக்கு வராது என்று அறிவித்துவிட வேண்டும். இதனால் பதிவேட்டை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முடிகிறது.

அடிபட்டவரை மறப்பது

மோதியவரிடம் இன்ஷூரன்ஸும் இல்லை, பணமும் இல்லை என்றால் அடிபட்டவர் எங்கே போவார்? இதற்காகவே பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் 1946-இல், இழப்பீடு தருவதற்கென்று ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. உங்கள் நாட்டில் அப்படி ஒரு நிதி இருந்தால், கோப்பை மூடும் முன் அதன் விண்ணப்பம் அடிபட்டவர் கைக்குப் போனதா என்று பாருங்கள்.