கலிஃபோர்னியாவில் ஷெரிஃப் அலுவலக வேலைக்குப் போவது எப்படி: விண்ணப்பத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வரை

என் அக்கா மகன் ஷெரிஃப் டெபுட்டி, அதாவது ஷெரிஃபுக்குக் கீழே வேலை பார்க்கிற போலீஸ்காரர், ஆகப் போகிறேன் என்று சொன்ன அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பே ஏரியாவில் வளர்ந்த பையன், கம்ப்யூட்டர் படித்தவன், இவனுக்கு எதுக்குத் துப்பாக்கியும் ஜெயிலும் என்று அக்கா அழுதாள். இப்போது அவன் யூனிஃபார்ம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. விண்ணப்பம் போட்ட நாள் முதல் பேட்ஜ் குத்திய நாள் வரை நான் கூடவே இருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நாலைந்து குடும்பங்கள் போன் பண்ணிக் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இதெல்லாம் கலிஃபோர்னியா விதிகள். வேறு மாநிலம் என்றால் வயதும் தேர்வும் பயிற்சி நேரமும் மாறும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். போலீஸ் சீஃப் என்பவர் நகர நிர்வாகம் நியமிக்கிற அதிகாரி. ஷெரிஃப் அப்படி இல்லை, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டி, 58 ஷெரிஃப். பெரும்பாலான கவுண்டிகளில் ஜெயிலை நடத்துவது இவர்கள்தான். கோர்ட்டுக் காவல், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கோர்ட் உத்தரவை நிறைவேற்றுவது, மலையில் தொலைந்தவர்களைத் தேடுவது, எந்த நகரத்துக்குள்ளும் வராத பகுதிகளில் ரோந்து, இவையும் இவர்கள் வேலை. அது போக, சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்ளாத நகரங்கள் ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். 1954-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லேக்வுட் நகரம் ஆரம்பித்துவைத்த வழக்கம் அது. கூப்பர்ட்டினோவில் இருக்கிறவர்கள் அவசர உதவிக்கு 911 அடித்தால் வருவது சான்டா கிளாரா கவுண்டி ஷெரிஃபின் ஆட்கள். டப்ளினில் அலமீடா கவுண்டி ஷெரிஃபின் ஆட்கள். நம் ஜனம் இவ்வளவு பேர் குடியிருக்கிற ஊர்கள், ஆனால் கதவைத் தட்டி உள்ளே வருகிறவர்களில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டு, நடந்ததை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் நிற்கிற ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு ஆள் எவ்வளவு பெரிய விஷயம்! அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன்.

யார் போகலாம்? டெபுட்டி வேலைக்கு 2022 முதல் குறைந்தபட்ச வயது 21, அதாவது வேலையில் நியமிக்கும் நாளில் 21 முடிந்திருக்க வேண்டும். முன்பு குடியுரிமை கேட்டார்கள். 2023 ஜனவரியிலிருந்து மாநிலச் சட்டம் அதை எடுத்துவிட்டது, அமெரிக்காவில் சட்டப்படி வேலை செய்யும் அனுமதி இருந்தால் போதும். கிரீன் கார்டு இருந்தால் தாராளமாக முயற்சி செய்யலாம், ஆனால் கவுண்டி தன் பங்குக்கு வேறு ஏதாவது கேட்கிறதா என்று விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். எச்-1பி-யில் இருப்பவர்கள் இதை இப்போதைக்கு மறந்துவிடலாம், அந்த விசா மனு போட்ட கம்பெனியோடு கட்டப்பட்டது. படிப்பு ஹைஸ்கூல் போதும். ஆனால் நம் ஊர் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். ஆள் எடுக்கும் பிரிவில் முதல் நாளே கேட்டுவிடுங்கள், சந்தேகம் என்றால் ஹைஸ்கூல் முடித்ததற்குச் சமமான ஜி.இ.டி. தேர்வை எழுதி முடித்துவிடுவது நல்லது.

பிள்ளைக்கு இன்னும் 21 ஆகவில்லை என்றால் சும்மா உட்காரவேண்டாம். எக்ஸ்ப்ளோரர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் பல ஷெரிஃப் அலுவலகங்களில் இருக்கிறது, பொதுவாக 14 வயதிலிருந்து சேர்க்கிறார்கள். அதற்கு மேல் கேடட் வேலை, அதாவது டெபுட்டி ஆகும் முன் அலுவலகத்தில் உதவி வேலை பார்த்துப் பழகுவது. பெரியவர்களுக்கு ரைட்-அலாங், அதாவது ஒரு ஷிப்ட் முழுக்க டெபுட்டியோடு காரில் உட்கார்ந்து போய்ப் பார்ப்பது. அக்காவின் அழுகை நின்றது அதற்கு அப்புறம்தான், அவளே ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து வந்தாள்.

டெபுட்டி மட்டும்தான் வேலை என்றும் நினைக்காதீர்கள். 911 போனை எடுக்கிற டிஸ்பேச்சர், ரெக்கார்ட்ஸ் பிரிவு, புள்ளிவிவர ஆய்வு, கணினிப் பிரிவு, இதற்கெல்லாம் துப்பாக்கி கிடையாது. டிஸ்பேச்சருக்கு 18 வயது போதும், அடிப்படைப் பயிற்சி குறைந்தது 120 மணி நேரம். ராத்திரி ஷிப்ட், பண்டிகை நாள் ஷிப்ட் எல்லாம் உண்டு, மனசு கனக்கிற போன்களும் வரும், ஆனால் வீட்டிலேயே இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கிற நம் பெண்கள் பலருக்கு இது அருமையாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். மூளையும் பொறுமையும் ஒரே சமயத்தில் ஓடவேண்டிய வேலை அது.

எழுத்துத் தேர்வுக்கு வருவோம். மாநில அளவில் இதற்கெல்லாம் விதி வகுக்கிற ஆணையத்தைச் சுருக்கமாகப் போஸ்ட் என்பார்கள். அவர்கள் உருவாக்கிய தேர்வுக்குப் பெலட்-பி என்று பெயர். பெரும்பாலும் மொழித் தேர்வு: எழுத்துப்பிழை, சொல்லின் பொருள், எந்த வாக்கியம் தெளிவாக இருக்கிறது, படித்துப் புரிந்துகொள்வது. அப்புறம் க்ளோஸ் என்று ஒரு பகுதி. ஒரு பத்தியில் நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டு, எத்தனை எழுத்தோ அத்தனை கோடு போட்டிருப்பார்கள், நாம் சொல்லைக் கண்டுபிடித்து நிரப்பவேண்டும். நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்களே இதில் தடுமாறுகிறார்கள். தினமும் ஒரு செய்தியை எடுத்து ஏழாவது சொல்லையெல்லாம் வீட்டில் யாரையாவது அடிக்கச் சொல்லி நிரப்பிப் பழகுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். சராசரி மதிப்பெண் 50 வருகிற மாதிரி கணக்கிடுகிறார்கள், பல அலுவலகங்கள் 42-க்குக் கீழே எடுப்பதில்லை. ஒரு தரம் எழுதினால் அடுத்த ஒரு மாதத்துக்கு மறுபடி எழுத முடியாது.

உடல் தேர்வு அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பல இடங்களில் அகாடமி என்கிற பயிற்சிப் பள்ளியின் முடிவில் வைக்கிற சோதனையையே முதலிலும் வைக்கிறார்கள்: 99 கஜம் தடை ஓட்டம், 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுப்பது, ஆறடிக் கம்பிவேலி, ஆறடிச் சுவர், கடைசியில் 500 கஜ ஓட்டம். சுவர்தான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது. கை பலத்தால் ஏறப் பார்க்காதீர்கள்; ஓடிவந்து ஒரு காலைச் சுவரில் உதைத்து, அந்த வேகத்திலேயே முழங்கையை மேலே போட்டுவிடவேண்டும். இது ஜிம்மில் வராது, சுவரில்தான் வரும்.

நேர்முகத்தில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். கூட வேலை செய்கிறவர் கைதியை அளவுக்கு மீறி அடிக்கிறார், நீ என்ன செய்வாய் என்கிற மாதிரி ஒன்று வந்தே தீரும். பதில் இதுதான்: தடுப்பேன், உடனே மேலதிகாரியிடம் சொல்வேன். சட்டமே அதைக் கடமையாக வைத்திருக்கிறது. கூட இருப்பவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதுதான் நட்பு என்று வளர்ந்த பையன்கள் இங்கே ஒரு நொடி தயங்குவார்கள், அந்தத் தயக்கம் எதிரே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி, உண்மையில் ஆளை வடிகட்டுகிற இடம்: பேக்ரவுண்ட், அதாவது பின்னணி விசாரணை. சொந்த வரலாற்று அறிக்கை என்று ஒரு தடியான படிவம் தருவார்கள். பத்து வருடத்தில் எங்கெங்கே குடியிருந்தாய், கூட யார் இருந்தார்கள், எங்கே வேலை பார்த்தாய், ஏன் விட்டாய், கடன் எவ்வளவு, போக்குவரத்து அபராத டிக்கெட் எத்தனை, போதைப்பொருள் எப்போது, சொந்தக்காரர்கள் யார் யார் என்று ஒன்று விடாமல் கேட்கும். எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூன்று வாரம் அந்தப் படிவம் கிடந்தது. முதல் சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, இந்தியாவில் படித்த இரண்டு வருட மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், பிறப்புச் சான்றிதழில் ஒரு எச் கூடுதல். மூன்றையும் அப்படியே எழுதி, ஏன் இப்படி என்று ஒரு தாளில் விளக்கி, பின்னால் இணைத்தோம். விசாரணை அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ளவேண்டிய கட்டாயமும் இல்லை. நாம்தான் சொல்லவேண்டும்.

இரண்டாவது சிக்கல் நாங்கள் பட்ட அடி. முதல் முறை வேறொரு கவுண்டியில் விண்ணப்பித்தபோது, காலேஜ் நாட்களில் மூன்றே வாரம் பார்த்து நீக்கப்பட்ட ஒரு கடை வேலையை அவன் எழுதவில்லை. "மூணு வாரம்தானே மாமா, அதெல்லாம் ஒரு வேலையா" என்றான், நானும் சரி என்றேன். நாலு மாதம் கழித்து இரண்டு வரிக் கடிதம் வந்தது, காரணம் எதுவும் இல்லாமல். ஆனால் விசாரணையின்போது அந்தக் கடையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். அடுத்த கவுண்டியில் அதை முதல் வரியிலேயே எழுதினான்: தாமதமாக வந்தேன், இரண்டு தரம் எச்சரித்தார்கள், மூன்றாம் தரம் அனுப்பிவிட்டார்கள். முந்தைய கவுண்டியில் நிராகரித்ததையும் எழுதினான், அதுவும் படிவத்தில் கேட்கப்படும். வேலை கிடைத்தது.

இதிலிருந்து நம்மவர்களுக்கு வெளிப்படையாகச் சிலது சொல்லவேண்டும். கன்சல்டன்சி பேச்சைக் கேட்டு ரெஸ்யூமேயில் இல்லாத அனுபவத்தைக் கூட்டிப் போட்டது, நல்ல பள்ளிக்காக நண்பர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தது, லீஸில் பெயர் இல்லாமல் நாலு பேர் தங்கியது, இவையெல்லாம் நம் வட்டத்தில் பேசிச் சிரிக்கிற விஷயங்கள். இங்கே சிரிக்க மாட்டார்கள். செய்திருந்தால் அதன் கனம் ஒரு பக்கம், மறைத்தால் அதைவிட இரண்டு மடங்கு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பார்கள், பழைய மேனேஜருக்குப் போன் போடுவார்கள், பல இடங்களில் பொய் கண்டறியும் கருவியிலும் உட்கார வைப்பார்கள். அதனால் படிவத்தில் யார் யார் பெயரைக் கொடுக்கப் போகிறீர்களோ அவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். எங்கள் மாடி வீட்டுப் பாட்டி, சீருடை இல்லாமல் வந்து நின்ற அதிகாரியைப் பார்த்து இவன் ஏதோ செய்துவிட்டான் என்று பயந்து, "எனக்கு அந்தப் பையனைத் தெரியவே தெரியாது" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பத்து வருடமாக அவனுக்குத் தோசை சுட்டுப் போட்டவர்கள்! மறுநாள் போய் நான் விளக்கினேன், அப்புறம் அதிகாரிக்கு அவர்களே போன் செய்து அரை மணி நேரம் பேசினார்கள்.

இது முடிந்தால் நிபந்தனையோடு வேலை தருவதாகச் சொல்வார்கள், அதற்கு அப்புறம்தான் மருத்துவப் பரிசோதனையும் மனநல மதிப்பீடும். பிறகு அகாடமி. மாநிலம் கேட்கிற குறைந்தபட்சம் 664 மணி நேரம், நடைமுறையில் ஆறு மாதம் ஓடும். சட்டம், துப்பாக்கி, வண்டி ஓட்டுவது எல்லாம் உண்டு, ஆனால் தினமும் உயிரை எடுப்பது ரிப்போர்ட் எழுதுவது. அலுவலகம் எடுத்துக்கொண்டு அனுப்பினால் சம்பளத்தோடு படிக்கலாம்.

வெளியே வந்ததும் ரோந்துக் கார் கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல கவுண்டிகளில் முதல் சில வருடம் ஜெயிலில்தான். அதை ஒரு தண்டனையாக நினைக்கவேண்டாம். கத்துகிற மனிதனிடம் கத்தாமல் பேசுவது, பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது, இதெல்லாம் அங்கேதான் வந்தது என்று அவனே சொல்கிறான். ரோந்துக்குப் போகும்போது இன்னொரு களப் பயிற்சி, குறைந்தது பத்து வாரம். பென்ஷன் கேட்பவர்களுக்கு: 2013 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் 57 வயதில் ஓய்வு பெற்றால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 2.7 சதவீதம் என்று கணக்கு. 25 வருடம் வேலை செய்தால் சம்பளத்தில் 67.5 சதவீதம்.

சேர்ந்த பிறகு நல்ல பெயர் எடுப்பது எப்படி? வீரப் பதக்கம், உயிர் காத்ததற்கு விருது, வருடத்தின் சிறந்த டெபுட்டி, சிறந்த ஜெயில் ஊழியர், சீருடை இல்லாத ஊழியர்களுக்குத் தனி விருது என்று அலுவலகங்கள் வைத்திருக்கும். ஏப்ரல் இரண்டாம் வாரம் நாடு முழுக்க டிஸ்பேச்சர்களைப் பாராட்டுகிறார்களே, அது 1981-ல் கான்ட்ரா காஸ்டா கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் பட்ரீசியா ஆண்டர்சன் என்கிற ஊழியர் தொடங்கிவைத்தது. மே 15 பணியில் உயிர் விட்டவர்களுக்கான நாள், 1962-ல் கென்னடி அறிவித்தது. டெக்சஸில் ஹாரிஸ் கவுண்டியில் தலைப்பாகையோடு வேலை பார்த்த முதல் சீக்கிய டெபுட்டி சந்தீப் சிங் தாலிவால் 2019 செப்டம்பர் 27 அன்று ஒரு வண்டியை நிறுத்தி விசாரித்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஹியூஸ்டனில் ஒரு தபால் நிலையத்துக்கும் ஒரு சாலைக்கும் இன்று அவர் பெயர். அந்த ஊர் அவரை எவ்வளவு தன் ஆளாக நினைத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பதக்கம் எல்லோருக்கும் வராது. பாராட்டுக் கடிதம் வரும், அது ஊழியரின் கோப்பில் சேரும், பதவி உயர்வு நேரத்தில் யாராவது எடுத்துப் படிப்பார்கள். சார்ஜென்ட்டாக இருந்து ஒருவரை விருதுக்குப் பரிந்துரைக்கிறீர்கள் என்றால் "கடின உழைப்பாளி, எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்" என்று எழுதாதீர்கள், எல்லாப் பரிந்துரையும் அப்படித்தான் இருக்கும். ஜெயிலில் ராத்திரி இரண்டு மணிச் சுற்றில் ஒரு கைதியின் மூச்சுச் சத்தம் மாறியதைக் கவனித்து நின்றார், கதவைத் திறந்தார், நர்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார் என்று எழுதுங்கள்.

பொதுமக்களும் எழுதலாம், நம் ஆட்கள் எழுதுவதே இல்லை. உங்கள் அம்மா வழி தவறிப் போனபோது ஒரு டெபுட்டி கூட்டிவந்து விட்டிருந்தால், அன்றைக்கே எழுதி அனுப்புங்கள்: தேதி, நேரம், தெரு, டெபுட்டியின் பெயர் அல்லது பேட்ஜ் எண், கேஸ் நம்பர் கொடுத்திருந்தால் அதுவும், என்ன செய்தார் என்று நாலு வரி. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பேட்ஜ் எண் மறந்துவிடும், அப்புறம் கடிதம் யார் கோப்புக்குப் போவது என்று அவர்களுக்கே தெரியாது.