மிக்சி ஓடும்போதே தியானம் செய்வது எப்படி

அமைதியான இடம் கிடைத்தால் தியானம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தால் வேலூரில் அது நடக்காது. நானும் ஏலகிரி போய் உட்காரலாம், ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்று சொல்லியே இரண்டு வருடம் ஓட்டினேன். கடைசியில் சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில், விடியற்காலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடமே பக்கத்து வீட்டில் சட்னிக்கு மிக்சி போட்டார்கள். துணி காயப்போட மேலே வந்த அம்மா, "இன்னாடா, உக்காந்துகினே தூங்கறியா?" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்மாசனம் எல்லாம் வேண்டாம், முட்டி வலிதான் மிஞ்சும். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், இது பிராணாயாமம் இல்லை. அது பாட்டுக்குப் போய் வரட்டும், நீங்கள் கவனித்தால் போதும். எங்கே கவனிப்பது என்பதில் இரண்டு வழி உண்டு. பர்மாவின் மகாசி சயாடோ என்ற பிக்கு, வயிறு எழுவதையும் அடங்குவதையும் கவனிக்கச் சொன்னார். அதே பர்மாவில் பிறந்து 1969இல் இந்தியாவுக்கு வந்து விபாசனா என்ற பௌத்த தியான முறையைக் கற்றுக்கொடுத்த கோயங்கா, மூக்கு நுனியில் காற்று படும் இடத்திலிருந்து தொடங்கச் சொன்னார். எனக்கு மார்கழியில் மூக்கு அடைத்துக்கொள்ளும், அதனால் வயிறு. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள், விட்டுப்போனால் மறுபடி ஒன்று. பாதி நாள் நான் நான்கைத் தாண்டுவதில்லை.

நான்கில் விட்டுப்போகிறதே, அதைத் தோல்வி என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஒரே வாரத்தில் கைவிடுகிறார்கள். பழைய பௌத்த நூல்கள் இருக்கும் பாலி மொழியில் இந்தக் கவனத்துக்குப் பெயர் 'சதி' (தமிழில் வேறு அர்த்தம் வரும், வீட்டில் சத்தமாகச் சொல்லாதீர்கள்). அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் நினைவு. மூச்சை மறந்து கடை வாடகைக்குப் போய், அங்கிருந்து மச்சான் கல்யாணத்துக்குப் போய், திடீரென்று 'அடடா, எங்கே இருக்கிறோம்' என்று ஞாபகம் வருகிறதே, பயிற்சி என்பதே அந்த நொடிதான். பத்து நிமிடத்தில் முப்பது தடவை தொலைந்து முப்பது தடவை திரும்பினால் அது நல்ல உட்காரல். திரும்பும்போது உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

மிக்சிக்கு வருவோம். சம்யுத்த நிகாயம் என்ற பாலி நூல் தொகுப்பில் புத்தர் சொல்வதாக இரண்டு அம்புகளின் உவமை ஒன்று இருக்கிறது. உடம்பில் படும் வலி முதல் அம்பு, அதை நினைத்து மனம் புலம்புவது இரண்டாவது. மிக்சிச் சத்தம் முதல் அம்பு, 'இவங்களுக்கு வேற நேரமே கிடைக்கலையா' என்பது நானே எடுத்துக் குத்திக்கொண்ட இரண்டாவது அம்பு. இப்போதெல்லாம் சத்தம் வந்தால் மனதுக்குள் 'சத்தம்' என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், எரிச்சல் வந்தால் 'எரிச்சல்'. பெயர் வைத்ததும் அது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. மே மாதத்தில் மத்தியானம் கரண்ட் போனாலும் இதேதான்: வியர்வையை ஒன்றும் செய்ய முடியாது, புலம்பலைப் பாதியாக்கலாம்.

உட்காருவதை விட எனக்கு அதிகம் உதவியது கடையில்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்னேன், ஒரு பக்கம்தான் எடுத்திருக்கிறாய் என்று ஒருவர் ஆதார் நகலை மேசையில் வீசினால், முதலில் காது மடல் சூடாகும், அப்புறம் தொண்டை இறுகும், அதற்கப்புறம்தான் வாய் திறக்கும். இந்த வரிசையை ஒரு தடவை கவனித்துவிட்டால் காது சூடாகும்போதே பிடித்துவிடலாம். அங்கே ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்றுக் குறையும், அதனால் நீளமாக விடுவதில் பலன் இருக்கிறது. எல்லா நாளும் ஜெயிக்கிறேனா என்றால் இல்லை, போன வாரம் கூடக் கத்திவிட்டேன்.

சாப்பாட்டில் முதல் மூன்று கவளம் போன் இல்லாமல். மெதுவாக மென்று ருசியுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், ஆனால் கேழ்வரகுக் களியை யார் மெல்லுவது, அது விழுங்குகிற சமாச்சாரம். விரலில் படும் சூடு, முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பின் புளிப்பு, தொண்டையில் வழுக்கி இறங்குவது, இதைக் கவனித்தால் போதும். கோட்டைக்குள் காலை நடை போகிறவர்கள் இருபது அடி மட்டும் பாதத்தை உணர்ந்து நடந்து பாருங்கள். அதற்கு மேல் மெதுவாகப் போனால் "கால்ல இன்னா ஆச்சு" என்று கேட்பார்கள்.

இதனால் என்ன லாபம்? 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் தியானம் பற்றிய 47 ஆய்வுகளை, ஏறக்குறைய 3,500 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு குறைவு தெரிந்தது, ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேல் என்று நிரூபணமாகவில்லை. ஆகவே சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கண்ணை மூடினால் பழைய பயங்கரங்கள் மேலே வருகிறது என்றால் கண்ணைத் திறந்தே செய்யுங்கள், தொடர்ந்து வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மதம் மாறணுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், 1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்க மருத்துவமனையில் இதை மதம் கலக்காமல்தான் ஆரம்பித்தார். ஆனால் பௌத்தம் நமக்கு வெளியூர்ச் சரக்கும் இல்லை. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார், வடாற்காட்டுக்காரர்கள் பிழைக்கப் போன கோலார் தங்கவயலிலும் அது வேர்விட்டது. குடியாத்தம் பக்கம் பெரியப்பா வீட்டில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் படம் மாட்டியிருக்கும். என் கருத்து, பஞ்சசீலத்தையும் (கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை போன்ற பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்கள்) சேர்த்துக்கொண்டால் நல்லது: பகலில் கணக்கில் பொய் எழுதிவிட்டு மறுநாள் காலையில் உட்கார்ந்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

பத்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் உட்காருங்கள். அம்மா இப்போது ஒன்றும் கேட்பதில்லை. கீழேயிருந்து "தண்ணி வந்துட்சி, மோட்டார் போடு" என்று குரல் வரும். 'சத்தம்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து போய்ப் போட்டுவிடுவேன்.