கனடா குளிர்காலத்துக்கு அப்பா அம்மா ரூமை ரெடி பண்றது எப்படி

டிசம்பர்ல ஊர்ல இருந்து பெரியவங்களை கூட்டிட்டு வர்ற எல்லாரும் முதல்ல வாங்குறது ஜாக்கெட். வாங்குங்க, ஆனா அதை போட்டுட்டு அவங்க வெளிய நிக்கப் போறது மிஞ்சிப் போனா அரை மணி நேரம், மீதி நேரமெல்லாம் ஹீட்டர் ஓடுற வீட்டுக்குள்ள தான். எங்க வீட்டுல (டொரொன்டோ பக்கத்துல மிசிசாகா) அப்பாவுக்கு கால் முழுக்க அரிப்பு, அம்மாவுக்கு காலைல மூக்கு சிந்தினா ரத்தம், ராத்திரி ரெண்டு பேருக்கும் வறட்டு இருமல். காரணம் காஞ்சு போன காத்து. அதை சரி பண்றதைத் தான் இதுல அதிகமா எழுதியிருக்கேன். விசா, இன்சூரன்ஸ், மாத்திரை எல்லாம் முடிச்சுட்டீங்கன்னு வச்சுக்கிறேன்.

ஸ்டெப் 1: தெர்மோஸ்டாட்

ஹீட்டர் சூட்டை செட் பண்ற இந்த கன்ட்ரோலை 22 டிகிரில வைங்க, ராத்திரி குறைக்காதீங்க. குளுருதுன்னு சொன்னாங்கன்னு 25க்கு ஏத்தாதீங்க, ஏத்த ஏத்த காத்து இன்னும் காயும். உள்ள தெர்மல், கால்ல வழுக்காத சாக்ஸ், தலைக்கு குல்லா. அம்மா புடவைக்குள்ள தெர்மல் பேண்ட் போட மாட்டேன்னு அடம் பிடிச்சாங்க, இப்போ கழட்ட மாட்டேங்குறாங்க.

ஸ்டெப் 2: ஈரப்பதம் அளக்குற மீட்டர்

சின்னதா டிஜிட்டல்ல கிடைக்கும், விலை கம்மி தான். இதை வாங்காம ஹ்யூமிடிஃபையர் (காத்துல ஈரம் ஏத்துற மெஷின்) வாங்காதீங்க. வெளிய -15 இருக்கும்போது ஒரு கன மீட்டர் காத்துல அதிகபட்சம் ஒன்றரை கிராம் தண்ணி தான் தாங்கும், அதே காத்து வீட்டுக்குள்ள வந்து 22 டிகிரிக்கு சூடானா கிட்டத்தட்ட 19 கிராம் வரைக்கும் தாங்கும். உள்ள இருக்குறது அதே ஒன்றரை கிராம்ங்கறதால ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழ போயிடும், அப்புறம் அந்த காஞ்ச காத்து தண்ணிக்கு தோலை, மூக்கை, தொண்டையை தான் தேடும். சமையல், குளியல்னு கொஞ்சம் ஏறும், ஆனாலும் 20ஐ தொடுறதே கஷ்டம். சென்னைல டிசம்பர்ல 70க்கு மேல பழகின உடம்பு இது.

மலிவு மீட்டர் பொய் சொல்லும், அதனால ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. பாட்டில் மூடில உப்பு போட்டு ஈர மணல் மாதிரி ஆகுற அளவுக்கு சில சொட்டு தண்ணி விடுங்க, அதையும் மீட்டரையும் ஒரே ஜிப் லாக் கவர்ல போட்டு மூடி ராத்திரி விட்டுடுங்க. காலைல 75 காட்டணும். 70 காட்டினா உங்க மீட்டர் அஞ்சு கம்மியா சொல்லுதுன்னு அதுமேல எழுதி ஒட்டிடுங்க.

ஸ்டெப் 3: காத்துல ஈரம் ஏத்துறது

தனி வீடா இருந்தா பேஸ்மென்ட்ல ஃபர்னஸ் (வீடு முழுக்க சூடு காத்து அனுப்புற மெஷின்) பக்கத்துல ஒரு பெட்டி தொங்கும், அது தான் ஹ்யூமிடிஃபையர். பாதி பேர் வீட்டுல அது இருக்குன்னே தெரியாது. உள்ள இருக்குற பேடை சீசனுக்கு ஒரு தடவை மாத்தணும், தண்ணி குழாய் திறந்திருக்கணும், டயலை 35ல வைக்கணும். இதெல்லாம் பண்ணியும் எங்க மீட்டர் ஏறவே இல்ல. பேட் புதுசு, தண்ணியும் சொட்டுது, டயலை எவ்வளவு திருகினாலும் அதே நம்பர். கடைசில பார்த்தா பக்கத்துல காத்து போற குழாய்ல (டக்ட்) சின்னதா ஒரு லீவர், அதுல சம்மர், விண்டர்னு எழுதியிருக்கும், அது சம்மர்லயே நிக்குது. சம்மர்ல இருந்தா காத்து அந்த பேட் வழியா போகவே போகாது, தண்ணி எல்லாம் நேரா டிரெயினுக்கு தான். லீவரை விண்டருக்கு தள்ளுங்க. மே மாசம் மறக்காம திருப்பி தள்ளுங்க. சில மாடல்ல இந்த லீவர் இருக்காது, அவங்களுக்கு பிரச்சினை இல்ல.

தனியா ரூமுக்கு வாங்குறதா இருந்தா தண்ணில நனைஞ்ச திரி வழியா ஃபேன் ஊதுற டைப் தான் என் ஓட்டு. புகை மாதிரி விடுற அல்ட்ராசோனிக் பார்க்க அழகா இருக்கும், ஆனா குழாய் தண்ணி ஊத்தினா டிவி, சாமி படம் எல்லாத்து மேலயும் வெள்ளையா தூசி படியும், டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி மாளாது. எதை வாங்கினாலும் தினமும் பழைய தண்ணிய கொட்டிட்டு புதுசு ஊத்துங்க, வாரம் ஒரு தடவை வினிகர் போட்டு கழுவுங்க. ஆஸ்துமா இருக்குறவங்க ரூம்ல இதை அலட்சியம் பண்ணவே கூடாது.

மீட்டர் 40 காட்டுதேன்னு சந்தோஷப்படாதீங்க. ஜன்னல்ல காலைல தண்ணி வழிஞ்சா அதிகம்னு அர்த்தம், அப்படியே விட்டா ஓரத்துல கருப்பா பூஞ்சை வரும். வெளிய -10க்கு கீழ போனா 30, -20க்கு கீழ போனா 25, அதோட நிறுத்திக்கோங்க.

ஸ்டெப் 4: குளியல்

வெதுவெதுப்பான தண்ணி, பத்து நிமிஷம் போதும். சுடு தண்ணில அரை மணி நேரம் நின்னா இதமாத் தான் இருக்கும், ஆனா தோல்ல இருக்குற கொஞ்ச நஞ்ச எண்ணெயும் போயிடும். துடைச்சும் துடைக்காம ஈரம் இருக்கும்போதே எண்ணெயோ கெட்டி க்ரீமோ தடவிடணும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ உறையும், 22ல இருக்குற ரூம்ல பாட்டில் கல்லா தான் இருக்கும், அகல வாய் டப்பாக்கு மாத்தி வச்சுடுங்க.

அப்பாவோட சனிக்கிழமை எண்ணெய் குளியலை பாத்டப்ல அனுமதிக்காதீங்க. ஊர்ல சொரசொரப்பு தரையில உக்காந்து குளிச்சவங்க, இங்க வழவழ டப்ல எண்ணெய்க் காலோட விளிம்பைத் தாண்டி இறங்கணும். ரப்பர் மேட், ரப்பர் கால் வச்ச ஷவர் சேர், சுவத்துக்குள்ள இருக்குற ஸ்டட் (தாங்குற கட்டை) பார்த்து ஸ்க்ரூ போட்ட கைப்பிடி, இது மூணும் இல்லாம வேண்டாம். வெற்றிடத்துல ஒட்டுற கைப்பிடிய நான் நம்பவே மாட்டேன்.

ஸ்டெப் 5: தண்ணி குடிக்க வைக்கிறது

வயசானா தாகம் சரியா தெரியாது, குளிர்ல சுத்தமா தெரியாது. கட்டில் பக்கத்துல ஃப்ளாஸ்க்ல சீரகத் தண்ணி வச்சுட்டா கேக்காமலே குடிக்கிறாங்க. இதய பிரச்சினைக்கு தண்ணி அளவு சொல்லியிருந்தா டாக்டர் சொன்னதை தாண்டாதீங்க.

அப்டேட்: அபார்ட்மென்ட்ல ஃபர்னஸ் இல்லையே, சுவர் அடியில ஓடுற பேஸ்போர்டு ஹீட்டர் தானேன்னு நிறைய பேர் கேட்டிருந்தாங்க. திரி டைப் ஒண்ணு வாங்கி பெட்ரூம் கதவை சாத்தி வைங்க, பெட்ரூமுக்கு மட்டும்னா தாராளம். குளிருதுன்னு போர்ட்டபிள் ஹீட்டர் வச்சா எக்ஸ்டென்ஷன் கார்டுல மாட்டாதீங்க, அது 1500 வாட் இழுக்கும், நேரா சுவர் பாயின்ட் தான். போர்வை, திரைச்சீலையில இருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கணும்.

இன்னொரு அப்டேட்: ஒருத்தர் வீட்டுல சுகர் இருக்குற அம்மாவுக்கு ஹாட் வாட்டர் பேக்ல கால் வெந்து கொப்புளம் வந்திருக்கு, மரத்துப் போன கால்ங்கறதால சுட்டதே தெரியல. சுகர் இருந்தா அந்த பேக்கை படுக்கை சூடு பண்ண மட்டும் வச்சு, அவங்க படுக்குறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.

பூட்ஸ் எது வாங்கலாம்னு கேட்டவங்களுக்கு: டொரொன்டோ ரீஹேப் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காரங்க நிஜ ஐஸ் சரிவுல பூட்ஸை சோதிச்சு ஸ்னோஃப்ளேக் மார்க் போட்டு 'ரேட் மை ட்ரெட்ஸ்' சைட்ல பட்டியல் வச்சிருக்காங்க, கடைக்காரர் பேச்சை விட்டுட்டு அதைப் பார்த்து வாங்குங்க. பூட்ஸ் அடியில ஆணி வச்ச கிளீட் மாட்டுறதா இருந்தா வாசல்லயே கழட்டிடணும், டைல்ஸ்ல அது ஐஸை விட மோசமா வழுக்கும், அதனால வாசல் பக்கத்துல உக்காந்து கழட்ட ஒரு நாற்காலி போட்டு வைங்க.