எக்ஸ்எம்எல் தரவை உடைக்காமல் பேஸ்எக்ஸில் வைத்துத் தேடுவது எப்படி?

பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு (தரவை டேக் என்ற பெயர்க்குறிகளால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கும் கோப்பு) ஒன்று கையில் கிடைத்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் நாலு டேபிள் போட்டு அதை உடைத்து உடைத்து உள்ளே தள்ளுவதுதான். தயவுசெய்து வேண்டாம். கிளை கிளையாகப் பிரிந்து போகும் தரவை வரிசையும் நெடுவரிசையுமாக வெட்டினால், அப்புறம் அதைத் திரும்ப ஒட்டவே டேபிள்களை இணைக்கும் ஜாயின் மேல் ஜாயினாக எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கிளைகளை அப்படியே வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது பேஸ்எக்ஸ். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, ஓப்பன் சோர்ஸ், கணினியில் ஜாவா இருந்தால் போதும்.

பழகிப் பார்க்க நல்ல தரவு தமிழ் விக்சனரி. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், விக்கிமீடியாவின் டம்ப் (மொத்தத் தரவின் நகல்) தளத்தில் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகக் கிடைக்கும். சுருக்கிய கோப்பாக வரும், முதலில் விரித்துக்கொள்ளுங்கள். பிறகு பேஸ்எக்ஸ் ஜன்னலைத் திறந்து டேட்டாபேஸ் மெனுவில் நியூ கொடுத்து கோப்பைக் காட்டுங்கள். ஆனால் ஓகே பட்டனை உடனே அழுத்தாதீர்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் பார்சிங் பக்கம், அதாவது கோப்பைப் படித்துப் பிரிக்கும் வேலைக்கான அமைப்புகள். ஜாவாவோடு வரும் பார்சரில் பாதுகாப்புக்காக என்டிட்டி (கோப்பில் சுருக்கக் குறியாக வந்து படிக்கும்போது விரியும் பகுதி) அளவுக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள், விக்கி மாதிரி பெரிய கோப்புகள் அதைத் தாண்டிவிட்டால் ஏற்றுவது நடுவழியில் நின்றுவிடும். இன்டர்னல் பார்சர் என்ற பெட்டியை டிக் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் 10க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: அதில் வெற்றிடங்களை வெட்டும் வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கும். வாக்கியத்தின் நடுவே டேக் வரும் இலக்கிய உரைகளில் இது சொற்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், மூலத்தை மறுபடி ஏற்றாமல் சரிசெய்யவும் முடியாது. அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்து இன்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்க முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பட்டியல். டெக்ஸ்ட், அட்ரிபியூட் (டேக்கின் உள்ளேயே எழுதும் பண்பு) இரண்டும் தானாகவே உருவாகும், ஃபுல் டெக்ஸ்ட் மட்டும் நாம் கேட்டால்தான் வரும். டெக்ஸ்ட் இன்டெக்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது முழு மதிப்பை அப்படியே ஒப்பிடுவதற்கானது, அதுவும் 96 என்ற நீள எல்லைக்கு உட்பட்ட எழுத்துத்தொடர்களை மட்டுமே சேர்க்கும். தலைப்பைத் தேட அது போதும். பக்கத்தின் உள்ளே இருக்கும் ஒரு சொல்லைத் தேட ஃபுல் டெக்ஸ்ட் வேண்டும்.

சரி, ஏற்றியாயிற்று. பேஜ் என்ற டேக்கைத் தேடினால் விடை பூஜ்யம்! தரவு எங்கும் போகவில்லை. விக்கி கோப்பின் முதல் டேக்கிலேயே ஒரு நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம்) அறிவிக்கப்பட்டிருக்கிறது, அதனால் உள்ளே இருக்கும் எல்லா டேக்குக்கும் முழுப்பெயர் வேறு. வினவலின், அதாவது நாம் எழுதும் தேடல் கட்டளையின், தலையில் அந்த நேம்ஸ்பேஸை அறிவியுங்கள், அதுதான் முறையான வழி. அவசரத்துக்கு டேக் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் போட்டாலும் வேலை நடக்கும்.

தமிழில் தேடும்போது இன்னொரு விஷயம். மரம் என்று கேட்டால் மரத்தை, மரத்தில் எல்லாம் சேர்ந்து வந்துவிடாது, ஏனென்றால் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. நான் வேண்டிய வடிவங்களை ஒரு பட்டியலாகக் கொடுத்து, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று கேட்பேன். கன்டெய்ன்ஸ் டெக்ஸ்ட் என்பதோடு எனி சேர்த்தால் அதுதான் பொருள். ஒரே எழுத்துத்தொடர் எங்கே வந்தாலும் வேண்டும் என்றால் கன்டெய்ன்ஸ் ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அது இன்டெக்ஸைத் தொடாமல் எல்லாப் பக்கத்தையும் படித்துப் பார்க்கும், நேரம் எடுக்கும்.

வினவல் மெதுவாக இருந்தால் ஊகிக்காதீர்கள். இன்ஃபோ பகுதியைத் திறந்தால், உங்கள் வினவலை பேஸ்எக்ஸ் எப்படி மாற்றி எழுதியது, இன்டெக்ஸைப் பயன்படுத்தியதா என்று வரி வரியாகக் காட்டும். நான் எந்த வினவல் எழுதினாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். நேற்று வரை வேகமாக ஓடியது இன்று திடீரென்று தவழ்ந்தால், பெரும்பாலும் நடுவில் தரவைத் திருத்தியிருப்பீர்கள். திருத்தியதும் இந்த இன்டெக்ஸ்கள் செல்லாமல் போய்விடும், ஆப்டிமைஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் திரும்பி வரும். அதை ஓட்டும் முன் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்புறம், பேஸ்எக்ஸின் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே டேட்டாபேஸை ஜன்னலிலும் திறந்து எழுத முயலாதீர்கள். இரண்டும் தனித்தனி ப்ராசஸ், ஒன்று எழுதுவது மற்றொன்றுக்குத் தெரியாது.